ஈரல் எண்ணெய்

“சார், என் ஒரிஜினலக் குடுங்க.”

கேட்டது இவ்வளவுதான். அதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா சொல்லியிருந்தார். என் மருந்தாளுநர் சான்றிதழ் சுவரில் தொங்கினால்தான் பெரம்பலூரில் குருமூர்த்தியின் மருந்துக்கடை திறந்திருக்கும். பூலாம்பாடியில் எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். என் தாளை நானே அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

அரியலூரில் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரே ஒரு நாள் போதும் என்றேன்.

“அங்க போயி என்னத்தக் கிழிக்கப்போற? உங்கப்பன் எங்க காட்டுல சோளம் ஒடிச்சவன். அவன் இப்புடிக் கேப்பானா?”

தேதி போய்விட்டது. நான் அழவில்லை. மாத்திரை அட்டைகளைக் காலாவதித் தேதி பார்த்து அடுக்கினேன்.

மறுவாரம் அவர் மருமகள் கவிதா வந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போதுதான் இரண்டாம் மாதம். நல்ல பெண். வீட்டில் மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு டப்பாவில் வரும்.

“செல்வி, மீன் எண்ணெய் மாத்திரை நல்லதாமே. எது வாங்குறது? நீதான் படிச்சவ.”

இரண்டு வகையை எடுத்து வைத்தேன். ஒன்று மீனின் சதையில் எடுத்தது. பெரிய மாத்திரை, கவுச்சி ஏப்பம் வரும். மற்றது ஈரலில் எடுத்தது; மணி மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரை. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ உண்டு. பிள்ளை உருவாகும் மாதங்களில் அது மிகுந்தால் முகமோ இதயமோ சரியாக அமையாமல் போகலாம். மூன்றாம் வருடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்தும் வாங்கினேன்.

மஞ்சளை அவள் பக்கம் நகர்த்தினேன். “இதுல கவுச்சி வராதுக்கா.”

“மீன்ல எடுத்ததுதானே?”

“மீனுதான்.”

“ஒண்ணு போதுமா?”

“சின்னதுதானே. ஒண்ணுக்கு மேலயே போடுங்க.”

தெரிந்தேதான் கொடுத்தேன். அடுத்த மாத்திரை டப்பாவும் நானே எடுத்துக் கொடுத்தேன். அதற்கடுத்ததும்.

இன்று குருமூர்த்தி சாப்பிடப் போனதும் ஸ்டூலில் ஏறிச் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றினேன். கவிதா உள்ளே வந்தாள். வயிறு லேசாகத் தெரிகிறது.

“தூக்கிட்டுக் கிளம்பிட்டியா? எடு எடு, மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்,” என்று சிரித்தாள். “மாத்திர முடிஞ்சிருச்சு. அதையேதானே போடணும்?”

“அதையேதான்க்கா.”

சான்றிதழை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன். என் சண்டை குருமூர்த்தியோடு மட்டும்தான். கவிதாவிடம் நான் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.