பட்டாளத்துக்குப் போகாதவர்களின் கால்

சத்தம் வருகிறது. மெல்லிய விசில். தூரத்துக் குண்டு. தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். அடுத்தது வருகிறது. இதில் விசில் இல்லை. பாரவண்டி பாலத்தில் ஏறுவது போன்ற கடகடப்பு.

"படுடா கோவிந்தா! படு!"

சுப்பிரமணியின் குரல். தர்மபுரிக்காரன். ஒரே பதுங்குகுழியில் இருந்தோம். 1971 டிசம்பர். மேற்கு எல்லை. பொழுது சாய்கிற நேரம். நான் படுத்தேன். என்னைப் பார்த்துக் கத்திய அவன் படுக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை. மண் எழுந்தது. விழுந்தது. பிறகு காதுக்குள் ரீங்காரம் மட்டும். சுப்பிரமணியின் வாய் திறந்தே இருந்தது. அசையவில்லை. என் இடது முழங்காலுக்குக் கீழே பூட்ஸைக் காணோம். காலையும் காணோம்.

ஸ்ட்ரெச்சர்காரர்கள் வந்தார்கள். குண்டு நிற்கும்வரை காத்திருக்கவில்லை. விழும்போதே வந்தார்கள்.

ராணுவ ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். நடக்கப் பழக்கினார்கள். விழுந்தேன். எழுப்பினார்கள். நடந்தேன். ஏற்காட்டு மலையில் என் ஊரான கொட்டச்சேட்டுக்கே திரும்பி வந்தேன். எஸ்டேட்டில் காவல் வேலை கிடைத்தது.

காப்பிப் பழம் பறிக்கிற பருவம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் பக்கம் போகிறேன். வாசலில் சின்னப்பொண்ணு. பழம் பறித்துக்கொண்டிருந்தவள். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தை வெட்டியபோது அடிமரம் உருண்டு வலது கால் நசுங்கிவிட்டது. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். ஊன்றுகோல் மழைச் சரிவில் வழுக்கும். அதனால் உள்ளங்கைகளில் பழைய செருப்பைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்வாள். என் காலையே பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இந்தக் காலு எங்கீங்க கெடைக்கும்?"

"பட்டாளத்துல குடுத்தாங்க அம்மிணி."

"பட்டாளத்துக்குப் போகாதவங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரைக் கேட்டேன். தெரியவில்லை. ஏற்காட்டில் கம்பவுண்டரைக் கேட்டேன். "சேலத்துல இருக்குமுங்க" என்றார். சேலத்தில் எங்கே? அது அவருக்கும் தெரியவில்லை.

சேலத்துக்குப் போனேன். ஒவ்வோர் அலுவலகமும் மாடியில் இருந்தது. ஏறினேன். இங்கே இல்லை என்றார்கள். இறங்கினேன். இன்னோர் இடம் சொன்னார்கள். அங்கேயும் படிகள். "நீங்க மிலிட்டரி, உங்களுக்குத் தனி ஆபீஸ் இருக்குதே" என்றார் ஒருவர். எனக்கில்லை, மலையில் ஒரு பெண்ணுக்கு என்றேன். "அப்ப எங்களுக்குத் தெரியாதுங்க." கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் தேடுகிற செய்தி மலையில் பரவியது. மலையின் இன்னோர் ஊரான வாழவந்தியிலிருந்து வெள்ளையன் சொல்லியனுப்பினான். சிறு வயதில் காய்ச்சல் கண்டு இரண்டு கால்களும் சூம்பிப்போனவன். தவழ்ந்தே வாழ்ந்தவன். "கோவிந்தண்ணா, எனக்கும் ஒரு வண்டி கேளுங்க. சக்கரம் வெச்ச பலகைன்னாலும் போதுமுங்க." கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு மழைக்காலம் போனது. தரையில் உராய்ந்து அவன் தொடையில் புண் வந்தது. சீழ் பிடித்தது. காய்ச்சல் ஏறியது. நான் அடுத்த முறை வாழவந்தி போனபோது அவன் இல்லை.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. குண்டு விழுகிற இடத்துக்குக்கூட என்னைத் தேடி ஆள் வந்தது. குண்டே விழாத மலைக்கு ஏன் வரவில்லை?

ரகீம் பாய்தான் கண்டுபிடித்தார். ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சரக்கு எடுக்கச் சேலம் போகும்போதெல்லாம் எனக்காக விசாரித்தவர். கடைக்கு வெளியே ஓடி வந்தார்.

"கோவிந்தா! கெடைச்சிருச்சுப்பா! பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால தகரக் கொட்டாய். அங்கதான் காலு செய்யறாங்க. ஆனா ஆளு நேர்ல வரணுமாம். அளவெடுக்கணுமாம்."

மறுநாள் காலை. கொட்டச்சேடு. பஸ் நிற்கிறது. சின்னப்பொண்ணு படியருகே நகர்ந்து வருகிறாள். கண்டக்டர் கையை நீட்டித் தடுக்கிறார்.

"கூட்டமா இருக்குதுங்க. இந்தம்மாவ எங்க உக்கார வெக்கறது? அடுத்த வண்டியில வாங்க."

"அடுத்த வண்டியிலயும் இதையேதானுங்க சொல்லுவாங்க."

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். நான் பஸ்ஸுக்கு முன்னால் போனேன். ரோட்டில் உட்கார்ந்தேன். வாரை அவிழ்த்தேன். காலைக் கழற்றி முன்சக்கரத்துக்கு எதிரே குறுக்காக வைத்தேன். டிரைவர் ஹாரனை அலறவிட்டார்.

"யோவ், எந்திரிய்யா! வண்டி எடுக்கப் போறேன்!"

"எடுங்க. குண்டு விழுந்தே சாகலீங்க நானு."

எஞ்சின் உறுமியது. நான் அசையவில்லை. எஞ்சின் நின்றது. உள்ளே இருந்த பெண்கள் கத்தினார்கள். "ஏத்துங்கய்யா அந்தப் புள்ளைய!" இரண்டு பேர் சின்னப்பொண்ணைத் தூக்க இறங்கினார்கள்.

"தொடாதீங்க. நானே ஏறிக்கறேன்."

கைகளைப் படியில் ஊன்றினாள். உடம்பைத் தூக்கினாள். ஒவ்வொரு படியாக ஏறினாள். கண்டக்டர் முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தார்.

சேலத்தில் அளவெடுத்தார்கள். மறுபடி வரச் சொன்னார்கள். போனோம். புதுக் கால் உரசிப் புண்ணானது. ஆறியது. மறுபடி போனோம். காப்பி பூக்கிற மாதத்தில் சின்னப்பொண்ணு எஸ்டேட் சரிவில் நின்றாள். இரண்டு காலில்.

அதோடு விடவில்லை. கொட்டாய்க்குப் பொறுப்பான டாக்டரிடம் போனேன். "மலையில இருக்கறவங்க எறங்க முடியாதுங்க. நீங்க ஏறுங்க" என்றேன். முதலில் முடியாது என்றார். அவர் அறை வாசலில் போய் உட்கார்ந்தோம். நானும் சின்னப்பொண்ணும் ரகீம் பாயும். போகச் சொன்னார்கள். போகவில்லை.

கடைசியில் டாக்டரும் கால் செய்கிறவர்களும் ஏறி வந்தார்கள். ஏற்காட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்கு. நடக்க முடியாதவர்கள் கட்டிலில் வந்தார்கள், பிறர் முதுகில் வந்தார்கள், தவழ்ந்து வந்தார்கள். இத்தனை பேர் இந்த மலையில் இருந்தது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. வெள்ளையன் கேட்ட வண்டியும் வந்து இறங்கியது. வேறொருவன் அதில் ஏறிப் போனான்.

இழப்பைச் சொல்லி முடிக்கிறேன்.

எல்லையில்: சுப்பிரமணி. என் இடது கால்.

மலையில்: சின்னப்பொண்ணின் வலது கால். என்னைக் கேட்ட பிறகும் அவள் தரையில் நகர்ந்த இரண்டு வருடம். வெள்ளையன்.

சுப்பிரமணியின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வெள்ளையனுக்குக் கல் இல்லை. அவனைக் கொன்றது எதிரி இல்லை. சேலத்தில் இருந்த ஒன்று மலைக்கு மேலே ஏறி வரவில்லை, அவ்வளவுதான். அவன் பெயரை இதே பக்கத்தில், போரில் செத்தவனுக்குப் பக்கத்தில் எழுதுகிறேன். அந்தப் பெயரை யாராவது கோடு போட்டு அடித்துப் பார்க்கட்டும்.