எள்ளளவு நத்தை

...அய்யய்யோ, அந்தத் தண்ணியைக் கொட்டிடாதீங்க அண்ணே! வாளியிலயே இருக்கட்டும். பிளம்பருங்க எல்லாருக்கும் ஒரே பழக்கம், குழாயைக் கழட்டின உடனே அழுக்கைக் கொண்டுபோய்க் கொட்டிடறது. எனக்கு அந்த அழுக்குதான் வேணும். நீங்க கழட்டுங்க, நான் சல்லடையைப் பிடிச்சுக்கறேன்.

என்ன தேடறோம்னு டாக்டரம்மா சொல்லலையா? நத்தை அண்ணே, நத்தை. சிரிக்காதீங்க. இவங்க ஊசி போடற டாக்டர் இல்ல. நத்தையைப் பத்திப் படிச்சு, நத்தையைப் பத்தியே எழுதற டாக்டர். தோட்டத்துல ஊர்ந்து போகுமே, அந்த நத்தைன்னு நெனைச்சுக்காதீங்க. இது ஆழ்கடல்ல, வெயிலே எட்டாத எடத்துல, சேத்துக்குள்ள கெடந்தது. கப்பல்ல போய் அள்ளிட்டு வந்தாங்க. எள்ளு இருக்குல்ல எள்ளு, அதுல பாதி.

அதைச் சேத்துலருந்து பொறுக்கி எடுத்தது யாரு? நான்தான். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவ. பதினோரு வாளி சேறு அண்ணே! சலிச்சு, கழுவி, மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சு, மூணே மூணு மயிர் உள்ள பிரஷ்ஷால ஒண்ணொண்ணா எடுத்தேன். அந்த வகையில மத்ததெல்லாம் உடைசல். இது ஒண்ணுதான் முழுசு.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் டாக்டரம்மா அதைப் பாத்துப் பாத்து எழுதினாங்க. எத்தனை சுத்து? நாலரை. கடைசிச் சுத்துல எத்தனை வரி? பதினேழு. வாய் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, உதடு தடிப்பா, மெல்லிசா... இன்னைக்கு எண்ணின வரியை நாளைக்கு மறுபடி எண்ணுவாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுவாங்க. எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு, என் மச்சம் எந்தக் கன்னத்துலன்னு கேட்டா எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. நத்தைக்கு வந்த வாழ்வைப் பாருங்க!

ம்... அந்த முடிக்கொத்தை இப்படிப் போடுங்க. சீ, நாத்தம்.

இப்ப எழுதி முடிச்சாச்சு. ஆனா இதுவரைக்கும் யாருமே பாக்காத புது நத்தைன்னு வாயால சொன்னா ஆச்சா? இதுதான் அந்த நத்தைன்னு மியூசியத்துல ஒப்படைக்கணும். நாளைக்கு ஒப்படைக்கணும் அண்ணே. நத்தை இல்லைன்னா அதுக்கு வச்ச பேரும் நிக்காது, ரெண்டு வருஷ உழைப்பும் இந்தக் குழாயோட போச்சு. காலையில நத்தையைக் காணோம்னு சொன்னதுலருந்து டாக்டரம்மா என்னைத் திட்டவே இல்ல. "பரவாயில்லக்கா"ன்னு ஒரே வார்த்தை. ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

யார் வேலைன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் இங்க கூட்டிப் பெருக்கற அக்காதான். வெள்ளிக்கிழமை சாயந்தரம் மேசையைத் துடைச்சு, துணியை இந்த சிங்க்லதான் அலசியிருக்காங்க. கேட்டா, "உன் மேசைப் பக்கமே நான் வரல"ன்னு சத்தியம் பண்றாங்க. நான் சும்மா விடுவேனா? எல்லார் முன்னாடியும் நல்லாக் கேட்டுட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு மாடிப்படி துடைக்கப் போயிட்டாங்க.

என்னது? அவ்வளவு சின்னதை எதுல வச்சிருந்தோமா? மருந்துக் கடையில காலி கேப்சூல் கிடைக்கும்ல, அதுல. உள்ள நத்தை, கூடவே நம்பர் எழுதின துண்டுக் காகிதம். தண்ணி பட்டா கூடு கரைஞ்சுடும், நத்தையோட ஓடு கரையாது. அதுக்குத்தான் சல்லடை.

இருங்க, இருங்க! ஏதோ மின்னுது... அட, என் தோட்டுத் திருகாணி! ஆறு மாசமாத் தேடறேன் அண்ணே! அப்ப கை கழுவும்போது நானே... ம். இதுக்கும் அந்த அக்காவைத்தான் சொன்னேன். சரி, அது பழைய கதை, விடுங்க. நத்தையைப் பாப்போம்.

இல்ல. மண்ணு... மண்ணு... இது சோப்புத் துணுக்கு. இல்லவே இல்ல.

மணி என்ன ஆச்சு? ஒண்ணரையா? பேச்சு சுவாரசியத்துல மாத்திரையை மறந்துட்டேன் பாருங்க. முட்டி வலிக்கு. எம் பொண்ணு ஏழு அறை வச்ச டப்பா ஒண்ணு வாங்கிக் கொடுத்திருக்கா, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு அறை. "அம்மா, உனக்கு மறதி ஜாஸ்தி"ங்கறா. எனக்கா மறதி? பதினேழு வரியை இப்பவும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்க. திங்கக்கிழமை... இந்தா இருக்கு. அட, வெள்ளிக்கிழமை அறையிலயும் ஒண்ணு கெடக்கு. போட்டுக்கிட்ட மாதிரிதான் ஞாபகம்... சரி, ரெண்டையும் சேர்த்து முழுங்கிடறேன்.

இதைப் பாருங்க அநியாயத்தை! கூட்டுக்குள்ள மருந்தே இல்ல அண்ணே! மஞ்சப் பொடி இருக்கணும், ஒண்ணையும் காணோம். காகிதத்தைச் சுருட்டி வச்சிருக்கான். அடியில வெள்ளையா ஒரே ஒரு குருணை. இதைத் தின்னா எனக்கு முட்டி வலி எங்க போகும்? இந்த மருந்துக் கடைக்காரனை...

...

அண்ணே.

பாட்டிலை அப்பால வைங்க. பக்கத்துல கொண்டு வராதீங்க. மூச்சுகூட விடாதீங்க.

வெள்ளிக்கிழமை அலமாரிச் சாவி டாக்டரம்மா கூடப் போயிடுச்சு. மேசையில விட்டுட்டுப் போனா அந்த அக்கா துடைச்சிடுவாங்களேன்னு... பத்திரமா இருக்கட்டும்னு... இந்த மாத்திரை டப்பாவுல... நானேதான் அண்ணே. என் கையால நானேதான் இதுல போட்டேன். வீட்டுக்குப் போய், ரெண்டு நாள் என் கூடவே இருந்துட்டு வந்திருக்கு. முழுங்கியிருந்தா? அடக் கடவுளே, பதினேழு வரியும் வயித்துக்குள்ள!

ஏன் அண்ணே... கூட்டைப் பிரிச்சு, இதை மட்டும் இந்தச் சல்லடையில போட்டு, குழாய்லதான் கிடைச்சுதுன்னு சொன்னா... யாருக்குத் தெரியப் போகுது? உங்களுக்கும் பேர், எனக்கும்... அப்படிப் பாக்காதீங்க. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நான் சாகற வரைக்கும் அந்த அக்கா என் கண்ணு முன்னாடி துணி அலசிக்கிட்டே நிப்பாங்க, தெரியும், தெரியும்.

டாக்டரம்மா! கதவைத் திறங்க! இருக்கு! முழுசா இருக்கு! எங்க இருந்துச்சுன்னு மட்டும் இப்பக் கேக்காதீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க. முதல்ல நான் மாடிப்படிக்குப் போகணும்.

அக்கா! ஏ அக்கா! மாப்பை ஓரமா வச்சுட்டு இப்படி உக்காருங்க. உங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும். முதல்ல சின்னதைச் சொல்றேன்... இந்தத் திருகாணி இருக்குல்ல...