இழுப்பறையில் கிடக்கும் இரண்டாவது கீபோர்டு

கம்பியில்லாத மவுஸ் நின்றுபோனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பாதிக்கு மேல் அதுதான். இதைச் சொல்ல ஒரு ஆள் எதற்கு, அவனுக்கு ஒரு அறை எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கே இருப்பவர்களுக்கும் தோன்றியதால்தான் என் இடத்துக்கு உங்கள் கம்பெனியை அமர்த்தியிருக்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை. கீழ் இழுப்பறையில் எந்தக் கணினிக்கும் சொந்தமில்லாத ஒரு கீபோர்டு கிடக்கிறதே, அது எதற்கு என்று கேட்டீர்கள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிறவன் மறைத்து வைப்பது முறையல்ல. காபியைக் குடியுங்கள், சொல்கிறேன்.

என் பெயர் தியெப். இந்தப் பிரம்புச் சாமான் ஏற்றுமதிக் கம்பெனியில் கணினி பார்க்கிறவன் நான் ஒருவன்தான். சைகோனில் மற்ற வீடுகளைப் போலவே இதுவும் முகம் குறுகி முதுகு நீண்ட கட்டடம். பைக் நிறுத்துகிற இடத்தை ஒட்டி என் அறை. என் தலைக்கு நேர் மேலே, மரப்பலகை அடித்த இடைத்தளத்தில், முதலாளி லுவா அக்காவின் அறை. அதற்கும் மேலே மாடியில் மற்ற எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இங்கே கம்பி வைத்த மவுஸ்தான். லுவா அக்கா மனை பார்க்கிற ஆசானைக் கேட்காமல் நாற்காலியைக்கூடத் திருப்பிப் போடமாட்டார். மேசைக்கு அடியில் கம்பிகள் பின்னிக் கிடப்பது பணத்தின் காலைக் கட்டிப்போடும் என்று அந்த ஆசான் ஒருநாள் சொன்னார். மறுவாரமே எல்லோருக்கும் கம்பியில்லாத கீபோர்டும் மவுஸும் வந்து இறங்கின. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே கறுப்பு. கணினியில் செருகுகிற அந்த நகத்தளவு ரிசீவரில்கூட ஒரு வித்தியாசம் கிடையாது.

முதல் சில மாதங்கள் உண்மையாகவே பாடுபட்டேன். ரிசீவரைக் கணினியின் பின்பக்கம் செருகியிருப்பார்கள், நடுவில் இரும்பு மேசை மறிக்கும். பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதன் இரைச்சலில் மவுஸ் சொல்வது ரிசீவருக்குக் கேட்காது. முன்பக்கம் மாற்றினேன், சிறு நீட்டிப்புக் கம்பி போட்டு மேசைமேல் கொண்டுவந்தேன், அறுந்துபோன இணைப்பை மறுபடி சேர்த்துவைத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது. சரியானதும் என்னை யாரும் கூப்பிடவில்லை.

அது எப்படி இருக்கும் என்று நீங்கள் இனிமேல்தான் பார்ப்பீர்கள். மேலே சேர்ந்து சாப்பிடுகிறார்கள், பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். சத்தம் மட்டும் கீழே இறங்கி வரும். ஒருநாள் பலகை வழியாக லுவா அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. "இந்தத் தியெப் நாள் பூரா கீழ உக்காந்து என்னதான் பண்றான்? வெளியாளுங்க மாசம் ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போனா பத்தாது?" நியாயமான கேள்வி. எனக்கு நாற்பத்தைந்து வயது. வேறெங்கே போனாலும் என் மகன் வயதுக்காரனோடு போட்டிபோட வேண்டும்.

எங்கள் ஊரில் மதியம் சாப்பிட்டதும் அலுவலகமே தூங்கும். விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, மேசைகளுக்கு நடுவே பாயை விரித்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பேசுகிறவனும் மணியடிக்கிற போனும் கொலைக்குற்றம் செய்தவர்கள். அக்காவின் பேச்சைக் கேட்ட அன்று செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மேலே ஏறினேன். விற்பனைப் பிரிவு திஞ்சின் ரிசீவரை உருவி, அவள் பக்கத்து மேசை யென்னின் கணினியில் செருகினேன், யென்னுடையதைத் திஞ்சின் கணினியில். அவ்வளவுதான். எதையும் உடைக்கவில்லை. இரண்டு பொருள்களை இடம் மாற்றிவைத்தேன்.

விளக்கு போட்டதும் திஞ் மவுஸைப் பிடித்தாள். யென்னின் திரையில் அம்பு ஓடியது. யென் பதறித் தன் பாஸ்வேர்டாக வைத்திருந்த பெயரைத் தட்டினாள், அது திஞ் எழுதிக்கொண்டிருந்த கடிதத்துக்குள் போய் விழுந்தது. "ஏய், என் லெட்டர்ல எதுக்குடி உன் புருஷன் பேரு வருது?" என்று திஞ் கேட்க, மாடியே உருண்டு சிரித்தது. கீழே ஆள் வந்தது. "தியெப் அண்ணே, சீக்கிரம் வாங்க, மிஷினுக்குப் பேய் புடிச்சிருச்சு." போனேன், குனிந்தேன், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சரிசெய்தேன். கையில் ஒரு கிண்ணம் பயற்றுப் பாயசம் கொடுத்து அங்கேயே உட்கார்ந்து குடிக்கச் சொன்னார்கள்.

அதன்பிறகு அளவோடுதான் செய்தேன். மருந்து கொடுக்கிற மாதிரி, ஒருநாள் ஒருவருக்கு. சம்பளம் போடுகிற நாளில் கணக்குப் பிரிவைத் தொட்டதில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியின் மவுஸைத் தொட்டதே இல்லை. லுவா அக்காகூட ஒருமுறை படியில் நின்று, "நீ இல்லன்னா இந்த ஆபீஸ் என்னடா ஆகும்?" என்றார். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். எல்லோரும் சிரித்தார்கள், நான் வேலையில் இருந்தேன்.

பிறகு ஹான் வந்தாள். கணக்குப் பிரிவுக்குப் புதிது. கணவன் இல்லை, சொந்த ஊரான பென் த்ரேயில் விட்டிருந்த மகளைக் கூட்டிவந்து எதிர்த் தெருப் பள்ளியில் அப்போதுதான் சேர்த்திருந்தாள். நல்ல பெண், அதில் சந்தேகமே இல்லை. மவுஸ் கெடாமலே என் அறைக்கு இறங்கி வந்த ஒரே ஆள் அவள்தான். மண்சட்டியில் வற்றவைத்த மீனைச் சோற்றின் மேல் வைத்துக் கொண்டுவருவாள், எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அப்படி ஒரு நாளில்தான் சொன்னாள். "பேப்பர்ல நான் ஆடு வருஷம்ணே. பதியறப்ப எங்கப்பா ஒரு வருஷம் தள்ளிப் பதிஞ்சிட்டாரு. நெசத்துல குதிரை. லுவா அக்கா எலியாம்ல, தெரிஞ்சா சேத்திருக்கவே மாட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க." பிறந்த வருஷத்துக்கு ஒரு மிருகம், எலி வருஷத்தில் பிறந்தவரும் குதிரை வருஷத்தில் பிறந்தவரும் ஒரே கூரைக்குக் கீழே ஆகாது என்பது இங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் மேலே போனேன், எல்லா மவுஸிலும் ஒரு வண்ணப் பொட்டு இருந்தது. திஞ்சின் மவுஸில் சிவப்பு, அவள் ரிசீவரிலும் சிவப்பு, யென்னுக்குப் பச்சை. நகப்பூச்சு. ஹானின் வேலை. பேட்டரி மாற்றவும், மவுஸின் அடியில் இருக்கிற சின்னப் பித்தானை அணைத்துப் போடவும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அன்று மதியம் மீனோடு கீழே வந்தாள். "எனக்கு மத்தியானம் தூக்கம் வராதுண்ணே. கண்ண மூடிப் படுத்திருப்பேன், அவ்ளோதான்," என்றாள். நான் மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். "மவுஸ் கெட்டாத்தான் மேல வரணும்னு இல்ல. சாப்பிடச் சும்மா வாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லமாட்டாள் என்பதை நம்பினேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அவள் நாணயத்தை நான் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. ஆனால் என் பிழைப்பு இன்னொருவரின் நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாரம் அவளுக்கும் எதற்கு? அவளை விடுவிப்பதுதான் இருவருக்கும் நல்லது என்று முடிவுசெய்தேன்.

இப்போது கீபோர்டுக்கு வருகிறேன். ஒரு ரிசீவர் ஒரு கீபோர்டோடுதான் பேசும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகை அப்படியில்லை. சேர்த்துவைத்தால் ஐந்தாறு சாமான்களுக்குக் கட்டுப்படும். லுவா அக்காவின் கணினியைத் துடைக்கப் போன அன்று இந்தக் கீபோர்டையும் அவர் ரிசீவரோடு சேர்த்துவிட்டு வந்தேன். நடுவில் இருப்பது மரப்பலகைதான். இங்கிருந்து தட்டினால் அங்கே விழும்.

ஹானின் நடையை என்னால் அடையாளம் காணமுடியும். கணக்குத் தாள்களோடு அவள் அக்காவின் அறைக்குள் நுழைந்து நாற்காலியை இழுப்பாள். அவள் பேசத் தொடங்கியதும் நான் ஒரு விசையை அழுத்திப் பிடிப்பேன். மேலே அக்காவின் திரையில் கணக்குப் பட்டியல் சரசரவென்று கீழே ஓடும். அவள் எழுந்து போனதும் விரலை எடுத்துவிடுவேன். திஞ் போனால் ஓடாது, யென் போனால் ஓடாது. ஆசான் வந்து உட்கார்ந்தாலும் ஓடாது. லுவா அக்கா கெட்டிக்காரர். அவருக்கு எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஹான் கீழே ஓடிவந்தாள். அன்றுதான் அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "அண்ணே, அக்கா என்னையே ஒரு மாதிரி பாக்குறாங்க. ஆசான வரச் சொல்லிருக்காங்களாம். உங்களாலதான் முடியும். என்ன கோளாறுன்னு கண்டுபிடிங்க, இல்லன்னா என் வேல போயிரும். பாப்பாவ இப்பத்தான் ஸ்கூல்ல சேத்தேன்." உடனே அவளோடு போனேன். அக்காவின் மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பேட்டரி மாற்றினேன், ரிசீவரைத் துடைத்தேன், மின்விசிறியை நகர்த்தினேன், அக்காவின் போனைக்கூட அணைக்கச் சொன்னேன். ஹான் டார்ச் பிடித்தாள். கடைசியில் எழுந்து, "மிஷின்ல ஒரு குறையும் இல்லக்கா," என்றேன். அது உண்மை. மிஷின் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஆசான் வந்தார். ஊதுபத்தி கொளுத்தினார், திசை பார்த்தார், ஹானைக் கூப்பிட்டு நிறுத்தினார். "பேப்பர்ல இருக்கறத விடும்மா. உங்கம்மா உன்ன எந்த வருஷம் பெத்தா?" என்று கேட்டார். ஆடு என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். ஹானுக்குப் பொய் சொல்ல வராது. குதிரை என்று அவள் சொன்னது பலகை வழியாக எனக்கே கேட்டது. பிறகு லுவா அக்கா மிகவும் தன்மையாகப் பேசினார். உன்மேல் கோபமில்லை, உன் வேலையில் குறையில்லை, இரண்டு பேரின் விதியும் முட்டுகிறது, என்ன செய்ய என்றார். மறுநாள் ஹான் தன் தேநீர்க் கோப்பையையும் நகப்பூச்சுச் சீசாக்களையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். என் அறை வாசலில் நின்று, "அவ்ளோ சிரமப்பட்டீங்களேண்ணே, ரொம்ப நன்றி," என்றாள். அவள் பையை வாங்கித் தெரு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

என் யோசனையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கோளாறுக்குக் காரணம் ஹான் என்று ஆனபிறகு, ஹான் போனதும் கோளாறும் போயாக வேண்டும். நான் ஒரு விசையைத் தொட்டாலும் ஆசான் சொன்னது பொய்யாகிவிடும், பிறகு வேறு காரணம் தேடுவார்கள். அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதக்கணக்கில் ஒரு மவுஸும் நிற்கவில்லை. "பாத்தியா, எவ்ளோ நிம்மதியா இருக்கு," என்றார் லுவா அக்கா. அடுத்த மாதம் உங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார்.

வேலை போன செய்தி எப்படியோ ஹானுக்கு எட்டிவிட்டது. நேற்று அவளே போன் செய்தாள். இப்போது ‘தான் தின்’ என்கிற பகுதியில் ஒரு மரச்சாமான் கம்பெனியில் இருக்கிறாளாம். அங்கேயும் எல்லாம் கம்பியில்லாத சாமான், ஓயாத தொல்லையாம். "உங்களப் பத்தி எங்க மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன்ணே. திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாரு. இங்க எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம், உங்களையும் சேத்துதான்," என்றாள். அப்படிப்பட்ட பெண்.

இந்தக் கீபோர்டை நானே எடுத்துக்கொண்டு போகிறேன், உங்கள் பொருள் பட்டியலில் இது இல்லை. ஹானிடம் திருப்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அவளுடைய முதலாளி எந்த வருஷத்தில் பிறந்தவர் என்று. வேறொன்றும் இல்லை, புது இடத்துக்குப் போகும்போது மனிதர்களைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது.