அட்டையிலிருக்கும் முகம்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் அமர்ந்தார்கள். முகம் உப்பியிருந்தவள் சொன்னாள்.

"உடம்புக் கொழுப்பும் ஹோர்மோன் சுரக்குமாம். என்ர லூபஸ் வருத்தத்தை, இந்த நோயை, அதுவும் கிளப்புமாம் எண்டு டொக்டர் சொன்னவர். அதைப் பாக்கத்தான் இண்டைக்கு சோதிக்க ரத்தம் குடுக்கப் போறன்."

"போன ரத்தச் சோதனையில ஈ.எஸ்.ஆர். இறங்கிட்டுது, வருத்தம் அடங்குது எண்டு சொன்னனீர்?"

"ஓம், இறங்கிட்டுது. ஆனா அதுக்குக் குடுத்த ஸ்டீரொயிட் குளிசையால முகம் ஊதிப்போச்சு. நேற்று செக்பொயின்ற்றில ஆமிக்காரன் அடையாள அட்டையில, ஐசியில இருக்கிற படத்தைப் பாத்திட்டு, இது நீயில்லை எண்டு அரை மணித்தியாலம் மறிச்சு வச்சவன்."

"புதுப் படம் குடுத்து ஐசியை மாத்துமன்."

சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். முகம் உப்பியிருந்தவள் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாத்தினா, இனி இதுதான் என்ர முகம் எண்டு நானே கையெழுத்து வச்ச மாதிரி."