உள்ளே ஆயா, வெளியே பூட்டு

தாம்பரம் பிளாட்பாரத்தில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டுமாம். புதிதாகப் பேசிய ஆயாவைக் குரோம்பேட்டை வீட்டுக்கு அழைத்துப்போகிறாள். குழந்தை ஆயா மடியில் தூங்கியது. தாய்க்காரி தான் எழுதிவந்திருந்த நிபந்தனைகளை வாசித்தாள்.

"அஞ்சாவது, நான் வெளியே பூட்டிட்டுப் போயிடுவேன். ஆறு மணிக்கு வந்து திறப்பேன்."

"இன்னாம்மா சொல்றே? நானும் கொயந்தையும் உள்ளயா?"

"பீரோ, டிவி எல்லாம் இருக்கே ஆயா. முன்னாடி வேலை பாத்தவ டேப்ரெக்கார்டரைத் தூக்கிட்டுப் போயிட்டா."

"ஸ்டவ் வெடிச்சா? கொயந்தைக்கு வலிப்பு வந்தா? ஜன்னலாண்ட நின்னு கூவணுமா?"

"கத்தாதீங்க ஆயா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே! பெத்த புள்ளைய நம்பிக் குடுக்கறே, சாவியக் குடுக்க மாட்டேன்றே. டிவியையும் நீதான் பெத்தியா?"

ஆயா எழுந்து குழந்தையை அவளிடமே கொடுத்துவிட்டாள்.

"போங்க. எனக்கு வேற ஆளா கிடைக்காது?"

"கெடைப்பா. பூட்டுக்குள்ள கெடக்க ஒத்துக்கறவளாண்ட புள்ளைய வுட்டுட்டு, ஆபீஸ்ல உனக்குச் சோறு எறங்குமா?"

வண்டி வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையோடு ஏறினாள். பின்னால் நானும் ஏறினேன்.

ஈஸ்வரா, அந்தக் கதவை அவள் பூட்டும்படி விடாதே.