நீல அறை

பழைய வீடுகளுக்குக் கரையான்தான் எதிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கரையானை மருந்தடித்து விரட்டிவிடலாம் ஐயா. சொந்தக்காரர்களை என்ன செய்வது?

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். நாடக ஆசிரியரின் வீட்டை நினைவில்லமாக மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தபோது அது இடிந்து விழாமல் இருந்ததே பெரிய விஷயம். உத்தரத்தை மாற்றி, ஓடுகளைப் பிரித்து அடுக்கி, அவர் எழுதிய மாடி அறைக்கு வந்தேன். சுவரின் அசல் நிறம் என்ன என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. வெயிலும் கையும் படாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, சிறு கத்தியால் படலம் படலமாகச் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். அலமாரிக்குப் பின்னால் சுரண்டினேன். வெள்ளைக்கு அடியில் நீலம். சும்மா நீலம் இல்லை, பார்த்தவுடன் மனதை அள்ளுகிற நீலம்.

அறை முழுவதும் அதையே அடித்தேன். ஊரே திரண்டு வந்தது. அவருடைய நாடகங்களில் கடல் ஏன் ஓயாமல் வருகிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டதாகப் பேராசிரியர் ஒருவர் தடித்த புத்தகமே எழுதினார். எனக்கு விருது கொடுத்தார்கள். காப்பாட்சியர் வேலையும் நிரந்தரமானது.

அப்போதுதான் ஆசிரியரின் ஒரே மகள், வெளியூரில் தன் மகனோடு இருந்தவர், ஊர் திரும்பினார். எழுபதைத் தாண்டியவர், ஆனாலும் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறினார். அறையைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"ஐயோ தம்பி, இது வாசல் கேட்டுக்கு அடிச்ச பெயின்ட். மிச்சம் இருந்ததை நான்தான் அலமாரிக்குப் பின்னாடி அப்பி வெச்சேன். அப்பா நாலு சாத்து சாத்திட்டு மேல வெள்ளை அடிச்சு மறைச்சாரு. அவர் ரூமு எப்பவும் வெள்ளைதான்."

நானும் சிரித்தேன்.

"ஆண்டு விழாவுல என்னைப் பேசச் சொல்லியிருக்காங்கல்ல? இதைச் சொல்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. நல்ல மனுஷி, சூதுவாது தெரியாதவர். அவர்மேல் எனக்கு இன்றுவரை துளிகூடக் கோபம் இல்லை.

சுவரைத் திரும்ப வெள்ளையாக்கலாம். பேராசிரியரின் புத்தகத்தை என்ன செய்வது, என் விருதை என்ன செய்வது? யோசித்துப் பார்த்தபோது, சுவரைவிட அந்த அம்மாவைச் சரிசெய்வது சுலபமாகப் பட்டது.

அவர் வாரந்தோறும் வருவார். முதலில் எழுதுமேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன்.

"மேசை ஜன்னல் பக்கம்தானே இருந்துச்சு?"

"இல்லம்மா, உங்க காலத்துலயே இங்கதான்."

அடுத்த முறை கடிகாரத்தைக் கூடத்திலிருந்து படிக்கட்டுக்கு மாற்றினேன். பிறகு சமையலறைக் கதவு. அதை எதிர்ப்பக்கமாகத் திறக்கும்படி தச்சரை வைத்து மாட்டினேன். அவர் பழக்கத்தில் கையை நீட்டி, பிடி கிடைக்காமல் தடவினார். என் தொழிலில் அவ்வளவு நுணுக்கமாக நான் வேறெதையும் செய்ததில்லை. கடைசியாகப் பின்கட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்தேன். உங்கள் பூனைக்குப் பால் ஊற்றியது என்றேன். அந்த வீட்டில் பூனை இருந்ததே இல்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர், "சாம்பல் கலரு. ஒரு காது மடிஞ்சிருக்கும்" என்றார். எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது ஐயா.

விழாவில் மைக்கைப் பிடித்து, "எங்க அப்பாவுக்கு நீலம்னா உயிரு" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான்தான் முதலில் தட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கட்டடம் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. புதுப்பித்தால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும். கவனிக்காமல் விட்டால் பழைய கறை மேலே வந்துவிடும். அதனால் வாராவாரம் ஏதாவது ஒன்றைச் சின்னதாக நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

பல் டாக்டரான அவர் மகன் ஊருக்கு வந்திருந்தபோது ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார். "அம்மா அடுப்பை அணைச்சோமான்னு பத்துத் தடவை போய்ப் பார்க்கறாங்க சார். நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்னு என்கிட்டயே கேக்கறாங்க. உங்களைத்தான் நம்பறாங்க. நீங்க சொன்னாத்தான் எதுவும் சரிங்கறாங்க." எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வயதானால் இப்படித்தான், தைரியமாக இருங்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

போன வாரமும் அந்த அம்மா வந்திருந்தார். பார்வையாளர் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அவர் உள்ளே வராமல் தயங்கினார்.

"தம்பி, உள்ள வரலாமா? எங்க அப்பா வீடு மாதிரியே இருக்கு."

"வர்றவங்க எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும். வரிசையில வாங்க."

போய்க் கடைசியில் நின்றார். வெயில் சுளீரென்று அடித்தது. நானே போய், நிழல் விழுகிற பக்கமாக அவரை நகர்த்தி நிற்க வைத்தேன். அந்த வீட்டுப் பெண் அல்லவா, அந்த மரியாதையில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.