கை நீளம்

எளியோர் யாவர்க்கும் இதனால் தெரிவிப்பது என்னவென்றால், சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட வக்கீலே தேவையில்லை. ஒரு படிவம், இரண்டு நகல், நிமிர்ந்த முதுகு போதும். காவல் ஆய்வாளர் ஐயாவிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன். பேனா கையில் இருந்தும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

வழக்கு என் கோட்டைப் பற்றியது. தைத்தவர் எங்கள் கட்டடத்தின் கீழே கடை வைத்திருந்த தையல்காரர். இரண்டாம் மாடியில், என் வீட்டுக்கு எதிர் அறையில் தனியாகப் படுப்பார். அளவெடுக்கும்போது, "ரெண்டு கையையும் அளந்துடலாம் சார்" என்றார். "ஒண்ணு அளந்தா போதும். கடவுள் ரெண்டையும் ஒரே அளவாத்தான் படைச்சிருக்கார்" என்றேன். இடது கையை அளந்தார். தைத்து வந்த கோட்டில் வலது மணிக்கட்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கோட்டுல குறையில்ல. உங்களுக்குக் கை நீளம்" என்றார்.

கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "அது ஊருக்கே தெரியுமே அண்ணே" என்றான் ஒருவன். முப்பது வருடம் கிடங்குப் பொறுப்பாளராக இருந்து, சாமான் குறைந்ததாக ஒரு சின்ன விசாரணை நடந்தபின் முன்கூட்டியே ஓய்வு பெற்றவனிடம் பேசுகிற பேச்சா இது? தையல் கூலியைத் திருப்பித் தர வேண்டும், கை இரண்டும் சமம் என்று எழுதித் தர வேண்டும் எனக் கேட்டு மனுவை நானே எழுதினேன்.

என் மனைவி படித்துப் பார்த்தாள். "போன வருஷம் தண்ணிக்காரர், இந்த வருஷம் இவரா? உங்களுக்கு வக்கீல் எதுக்குங்க, நீங்களே ஆளை உயிரோட கொன்னுடுவீங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நீதிமன்றக் குமாஸ்தா நல்ல மனிதர். "மூணு தடவை கூப்பிட்டும் எதிராளி வரலைன்னா தீர்ப்பு உங்க பக்கம்தான் சார்" என்றார். அதை மனுவின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

விசாரணைக்கு முதல்நாள் மாலை தையல்காரர் படியில் எதிர்ப்பட்டார். ஆஸ்துமாக்காரர், மூன்று படிக்கு ஒருமுறை நிற்பார். "நாளைக்கு டேப்பைக் கொண்டு வரேன் சார். ஜட்ஜம்மா முன்னாடியே அளந்துடுவோம். சமமா இருந்தா உங்க காலுல விழறேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "பாருங்க, இழுப்பு மருந்தையும் போனையும் கடையிலயே வச்சுட்டேன். மறுபடி இறங்கி ஏற முடியாது. காலையில எடுத்துக்கறேன்" என்றார். எதிராளியிடமே இப்படியெல்லாம் சொல்லுகிற வெள்ளை மனது.

காலையில் அவருடைய கதவை வெளியிலிருந்து தாழிட்டேன். பூட்டவில்லை; பூட்டுவது அநியாயம். கொஞ்ச நேரத்தில் தட்டத் தொடங்கினார். "சார்... யாரோ தாழ்ப்பா போட்டுட்டாங்க... சார், மருந்து..." வாக்கியத்தை முடிக்கவில்லை. நீதிமன்றத்துக்கு நேரம் தவறாமல் போக வேண்டும், அதனால் நான் இறங்கினேன்.

கீழ்வீட்டு அம்மா கேட்டார், "மேல என்னண்ணா சத்தம்?"

"ஆணி அடிக்கிறார்ம்மா" என்றேன்.

நீதிமன்றத்தில் அவர் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மரியாதைக்குத் திரும்பி வாசலைப் பார்த்தேன். தீர்ப்பு என் பக்கம்.

திரும்பி வந்து, நாகரிகமாகக் கதவைத் தட்டிவிட்டுத்தான் தாழை நீக்கினேன். கதவோரமாகச் சரிந்து கிடந்தார். நல்ல சட்டை போட்டுத் தயாராக இருந்தார். கழுத்தில் டேப். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். அதை யாரும் குறிப்பிடுவதில்லை. ஆணி அடித்ததை மட்டும் கீழ்வீட்டு அம்மா மறக்காமல் சொல்லிவிட்டார்.

கொலை என்கிறார்கள். சட்டத்தில் இருக்கும் ஒரு வசதியை நான் பயன்படுத்திக்கொண்டேன். எதிராளி வராமல் போனதற்குக் காரணம் அவருடைய உடல்நிலை. அப்படித்தான் ஆய்வாளரிடம் விளக்கினேன். அவர் வேறொரு டேப்பை வரவழைத்து, என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார்.

வலது கை ஒன்றரை அங்குலம் நீளம். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு அது தெரியும்.